நந்தும் நண்டும்

துடியலூரில், மேட்டுப்பாளையம் சாலையோரத்து மீன்கடை ஒன்றின் முன்னே ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கால்மணி நேரம் நின்றால், ஓர் அகராதியைப் புரட்டிய பயன் கிடைத்துவிடும். கடைக்காரர் கொங்குநாட்டுக்காரர். "நாயித்துக்கெழமைன்னா நண்டு வராமப் போகாதுங்க" என்று தராசைத் துடைத்துக்கொண்டே சொல்கிறார். எனக்கு முன்னால் பையோடு நிற்பவர் பாலக்காட்டுக்காரர். "ஞாயறாழ்ச்ச மாத்ரமே ஞண்டு வரூ?" என்று அவர் கேட்கிறார். ஒரே கிழமை, ஒரே உயிர், ஒரே தட்டு. ஆனால் ஒருவர் வாயில் இரண்டு சொல்லும் நகரத்தில் தொடங்க, மற்றவர் வாயில் இரண்டும் ஞகரத்தில் தொடங்குகின்றன. இடையில் நின்ற எனக்கோ, வீட்டுக்கு என்ன வாங்க வந்தோம் என்பதே மறந்துபோயிற்று.

நாம் எழுதும்போது 'ஞாயிறு' என்றே எழுதுகிறோம். பேசும்போது கொங்கு நாவில் அது 'நாயிறு' ஆகிவிடுகிறது. நண்டையோ எழுதும்போதும் நண்டு என்கிறோம், பேசும்போதும் நண்டு என்கிறோம். அப்படியானால் பாலக்காட்டு நண்பரின் ஞண்டு அவர் மொழியின் தனி வழக்கா, அல்லது நாம் கைநழுவவிட்ட பழம்பொருளை அவர் காத்து வைத்திருக்கிறாரா? சொல்லின்மேல் பற்றுள்ளவர்களுக்கு இந்தக் கேள்வி ஒரு வாரத்துக்குப் போதும். எனக்கு அது இன்னொரு சொல்லையும் துணைக்கு இழுத்துக்கொண்டு வந்தது. நண்டுக்குப் பக்கத்தில், ஒலியால் ஒட்டிப் பிறந்தது போல் நிற்கும் 'நந்து' என்ற சொல்தான் அது. நந்து என்றால் நத்தை. சங்கும் அதே பெயருக்குள் அடங்கும். நந்து, நண்டு என்று மெல்லச் சொல்லிப் பாருங்கள். நாநுனி பல்லைத் தொட்டால் நந்து. அதே நா சற்று மடங்கி மேலண்ணத்தைத் தொட்டால் நண்டு. இரண்டும் ஓட்டுக்குள் வாழும் உயிர்கள், இரண்டும் ஈரத்தை நாடுபவை, இரண்டும் மழைக்குப் பின் வரப்பிலும் பள்ளத்திலும் தலைகாட்டுபவை. ஒலியும் பொருளும் இவ்வளவு நெருங்கி வந்தால் இவை ஒருதாய் மக்கள் என்று சொல்லிவிட ஆசை எழுவது இயல்பு. அந்த ஆசையைச் சற்றே அடக்கிவைத்து, ஒவ்வொன்றாக ஓடு நீக்கிப் பார்ப்போம்.

முதலில் நந்து. இச்சொல் இன்று பேச்சில் இல்லை. ஆனால் அதன் பிள்ளை இருக்கிறது. மருந்து என்ற சொல்லின் மெல்லெழுத்து வலித்து மருத்துவர் பிறந்தார். சிலம்பு வலித்துச் சிலப்பதிகாரம் ஆயிற்று. வேம்பு வலித்து வேப்பிலையும், இரும்பு வலித்து இருப்புப்பாதையும் வந்தன. நம் பக்கத்துக் கருப்பட்டிகூடக் கரும்பு வலித்துக் கருப்பாகி, கருப்புக்கட்டி என்று நின்று, பிறகு நாவில் கரைந்து கருப்பட்டியானதுதான். அதே நெறியில் நந்து வலித்து நத்து ஆயிற்று. நத்து ஐகாரம் ஏற்று நத்தை ஆயிற்று. தாயை மறந்தோம், மகளை வைத்துக்கொண்டோம். தெலுங்கிலும் நத்தைக்கு 'நத்த' என்றே பெயர். கோவையைச் சுற்றிய ஊர்களில் தெலுங்கு பேசும் வீடுகளுக்குக் குறைவில்லை, கேட்டுப் பாருங்கள். இவ்விடத்தில் ஒலி ஒன்றாய் இருப்பதால் உள்ளே நுழையப் பார்க்கும் சிலரை வாசலிலேயே நிறுத்திவிட வேண்டும். 'ஒருவரை நத்திப் பிழைத்தல்' என்னும்போது வரும் நத்துதல் விரும்புதல், சார்தல் என்ற வேறு பொருளது. மூக்கில் அணியும் நத்து வடக்கிலிருந்து வந்த அணியின் பெயர். நந்தவனமோ, நந்தனம் என்ற வடசொல்லின் வழிவந்தது. அங்கே எத்தனை நத்தை ஊர்ந்தாலும் பெயருக்கும் அதற்கும் தொடர்பில்லை.

நந்து என்பது வினையாகவும் நிற்கும். அங்கேதான் இச்சொல் தன் வித்தையைக் காட்டுகிறது. நந்துதல் என்றால் வளர்தல், பெருகுதல். அதே நந்துதலுக்குக் கெடுதல், அவிதல் என்றும் பொருள் உண்டு. சோழர் காலக் கல்வெட்டுகளைப் படித்தவர்களுக்கு நந்தா விளக்கு தெரிந்திருக்கும். நொந்தா விளக்கு என்றும் அது வரும். அவியாமல் எரியும் விளக்கு என்பது பொருள். ஒரு விளக்குக்குத் தொண்ணூற்றாறு ஆடு கொடுத்து, நாள்தோறும் உழக்கு நெய் அளக்கச் செய்வது அக்காலத்துப் பெருவழக்கு. அங்கே நந்துதல் கெடுதல். திருக்குறளின் புகழ் அதிகாரத்துக்கு வந்தால், 235ஆம் குறளில் 'நத்தம்' என்றொரு சொல் நிற்கிறது. பரிமேலழகர் அதை நந்து என்ற தொழிற்பெயரே வலித்து நத்து ஆகி, அம் என்னும் விகுதி பெற்று நின்றது என்று பிரித்துக் காட்டி, ஆக்கம் என்று பொருள் சொல்கிறார். அங்கே நந்துதல் வளர்தல். அதே சொல்லுக்குச் சங்கு என்று பொருள்கொண்டு உரைத்தாரும் உண்டு. ஒரே சொல்லில் வளர்ச்சியும் அழிவும் சங்கும் அருகருகே குடியிருக்கின்றன. உரைகாரர்கள் ஆளுக்கொரு கதவைத் தட்டுகிறார்கள்.

நத்தையை வளர்ச்சியோடு சேர்த்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று தோன்றும். மழை விட்ட காலையில் சுவரில் ஊரும் நத்தை ஒன்றை எடுத்து, ஓட்டின் நடுப்புள்ளியிலிருந்து விரலால் சுற்றிக்கொண்டே வாருங்கள். நடுவில் இருக்கும் அந்தச் சிறு சுழிதான் அது குஞ்சாய் இருந்தபோது குடியிருந்த வீடு. உடல் வளர வளர ஓட்டின் வாயோரத்தில் புதுச் சுவர் எழுப்பி, புரிமேல் புரியாக அது தன் வீட்டைப் பெருக்கிக்கொண்டே போகிறது. பழைய அறை எதையும் இடிப்பதில்லை. நந்துதல் வளர்தல் என்றால், வீடு தன்னோடு நந்துகின்ற உயிருக்கு நந்து என்று பெயர் வைத்தது எவ்வளவு பொருத்தம்! இதைச் சொற்பிறப்புக்குச் சான்றாக நீட்ட மாட்டேன். சொல்லின்பத்துக்காக மட்டும் மடியில் கட்டி வைத்திருக்கிறேன். நண்டு இதற்கு நேர்மாறு. அதன் ஓடு வளராது. உடல் பெருத்தால் பழைய ஓட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, புது ஓடு கெட்டிப்படும்வரை மெத்தென்ற உடம்போடு பொந்துக்குள் ஒளிந்திருக்கும். நத்தை வீட்டைப் பெருக்கிக்கட்டும் குடியானவன். நண்டு வீடு மாற்றும் வாடகைக்காரன்.

வீடு என்றதும் நத்தம் என்ற ஊர்ச்சொல்லும் நினைவுக்கு வரும். நம் வருவாய் ஆவணங்களில் குடியிருப்பு நிலத்துக்கு நத்தம் என்று பெயர். காங்கேயம் பக்கத்து நத்தக்காடையூரில் அச்சொல் ஊர்ப்பெயரின் தலையிலேயே இருக்கிறது. குடி பெருகும் இடம் நத்தம் என்று சொன்னால் இனிக்கத்தான் செய்கிறது. ஆனாலும் நத்தை முதுகில் வீடு இருப்பதைக் காட்டி, நத்தைக்கும் நத்தத்துக்கும் பட்டா மாற்றிக் கொடுத்துவிடக் கூடாது. சொல்லாராய்ச்சியில் இனிப்பு வேறு, சான்று வேறு.

இனி நண்டு. இதன் பழைய வடிவங்கள் ஞண்டு, ஞெண்டு. சொல்லின் முதலில் ஞகரம் எந்தெந்த உயிரோடு வரலாம் என்பதைத் தொல்காப்பியம் வரையறுத்திருக்கிறது. ஆ, எ, ஒ என்ற மூன்றோடு மட்டுமே ஞகரம் முதலாகும் என்பது அதன் விதி. அவ்விதிப்படி ஞெண்டு உள்ளே வரலாம், ஞண்டுக்கு இடமில்லை. நன்னூலோ அகரத்தையும் சேர்த்து ஞகரத்துக்கு நான்கு உயிர் தருகிறது. ஞண்டும் ஞமலியும் அங்கே முறைப்படி குடியேறுகின்றன. நன்னூல் செய்த பவணந்தி முனிவரைப் பெருந்துறைக்கு அருகிலுள்ள சீனாபுரத்துக்காரர் என்று கொங்கு நாட்டார் உரிமை கொண்டாடுவதுண்டு. ஞண்டுக்கு வாசல் திறந்துவிட்டவர் நம்மூர்க்காரர் என்று நான் சற்றே நெஞ்சு நிமிர்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வேடிக்கை என்னவென்றால், அவர் திறந்த வாசலில் இன்று நம்மூரில் யாரும் நுழைவதில்லை. கணவாயைத் தாண்டி வருகிறவர்தான் நுழைகிறார்.

ஞகரம் நகரமான கதை நண்டோடு நின்றதில்லை. ஞாண் நாண் ஆயிற்று. ஞமன் நமன் ஆனான். ஞெகிழ்தல் நெகிழ்தல் ஆயிற்று. மலையாளத்தில் நரம்பு இன்றும் 'ஞரம்பு', வில்லின் நாண் 'ஞாண்'. நாவின் நடுப்பகுதி மேலண்ணத்தில் அகலமாய் ஒட்டிப் பிரியும் அந்தக் குழைவான ஒலியை நாம் சொல்லின் தலையில் மெல்ல மெல்லக் கைவிட்டோம். ஞாயிறு, ஞாலம், ஞானம் போன்ற சில சொற்களை மட்டும் எழுத்து காப்பாற்றியது. அவற்றிலும் ஞானம் வடமொழியிலிருந்து வந்த விருந்தாளி. ஞண்டைக் காப்பாற்ற எழுத்தும் வரவில்லை. வயலில் பிடித்து அடுப்பில் வைக்கும் ஒன்றின் பெயரை ஏட்டுக்காரர்கள் எத்தனை தடவைதான் எழுதியிருக்கப் போகிறார்கள்! பேச்சில் புரளும் சொல் பேச்சோடு தேய்ந்து நண்டாயிற்று.

சொல்லின் தலையைப் பார்த்தோம், வாலையும் பார்ப்போம். நண்டுக்கு நள்ளி என்றொரு பெயரும் தமிழில் உண்டு. கன்னடத்தில் இன்றும் நண்டுக்கு நள்ளி என்ற பெயர் வழங்குகிறது. சத்தியமங்கலம் தாண்டித் திம்பம் ஏறிவிட்டால் காதில் விழக்கூடிய சொல். கொள் என்பது கொண்டு ஆவதுபோல, உள் என்பது உண்டு ஆவதுபோல, ளகர மெய்யில் முடியும் ஓர் அடி ஒருபக்கம் இகரம் ஏற்று நள்ளியாகவும், மறுபக்கம் துகரம் ஏற்று நண்டாகவும் நின்றது என்று கொள்வது ஒலிநெறிக்கு ஒத்துவருகிறது. அப்படியானால் நண்டின் ண்டு, ள் என்பதும் து என்பதும் கூடித் திரிந்த ஒட்டு. நந்தின் ந்துவோ வலித்துத் த்து ஆகுமே தவிர, எங்கும் ளகரம் காட்டுவதில்லை. இங்கே இன்னொரு ஆசையும் வந்து நிற்கும். நள் என்ற அடிக்குச் செறிதல், நட்புக் கொள்ளுதல் என்றெல்லாம் பொருள்; நள்ளிலிருந்துதான் நட்பு. பிடித்தால் விடாத பிடிக்கு நண்டுப்பிடி என்று பெயர். நண்டும் நட்பும் ஒரே வேர், இரண்டும் பிடித்தால் விடா என்று மேடையில் சொன்னால் கைதட்டு நிச்சயம். ஆனால் நட்புக்கு ஞகர வடிவம் இல்லை; எந்தக் காலத்திலும் யாரும் 'ஞட்பு' என்று சொன்னதில்லை. பாலக்காட்டுக்காரரின் அந்த ஒற்றை ஞகரம் குறுக்கே கைநீட்டி நம்மை நிறுத்திவிடுகிறது.

அதே ஞகரம்தான் நந்துக்கும் நண்டுக்கும் இடையிலான வழக்கையும் தீர்த்துவைக்கிறது. இரண்டும் உடன்பிறப்புகளாய் இருந்தால் ஒன்றின் தலையில் இருந்த ஞகரம் மற்றொன்றின் தலையிலும் இருந்திருக்க வேண்டும். ஞண்டு என்பவர் நத்தையை 'ஞத்த' என்பதில்லை. அவருக்கு அது பெரும்பாலும் 'ஒச்சு'. நள்ளி என்னும் கன்னடத்தார் நத்தையைப் 'பசவன ஹுளு', அதாவது பசவனின் பூச்சி என்பார்கள். சிவனின் காளை கொம்போடு மெல்ல நடப்பதுபோல் அது ஊர்வதால் போலும். நத்த என்னும் தெலுங்கர்க்கு நண்டு 'எண்ட்ரகாய'. ஒரு வீட்டில் நத்தை மிஞ்சியிருக்கிறது, இன்னொரு வீட்டில் நண்டு மிஞ்சியிருக்கிறது. இரண்டையும் சேர்த்து வைத்திருப்பது தமிழ் வீடு. மூன்று மொழிகளும் வாசலில் வந்து பேசும் கொங்கு மண்ணில் இதைக் கண்டறிய நூலகம் வரை போக வேண்டியதில்லை, மீன்கடை போதும்.

பிறப்பால் உறவில்லாத இவ்விரண்டையும் ஒரே இடத்தில் அமர்த்தி வைத்தது தொல்காப்பியம். மரபியலில் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வகுக்கும்போது, உடலும் நாவும் மட்டும் உடைய ஈரறிவுயிரில் நந்தையும், அவற்றோடு மூக்கும் கண்ணும் உடைய நான்கறிவுயிரில் நண்டையும் அது வைக்கிறது. இடையில் மூவறிவுக்குச் சிதலும் எறும்பும். ஓடு இருக்கிறதே என்று இரண்டையும் ஒரே கூடையில் போட்டுவிடாமல், எந்த உயிர் எதை உணர்கிறது என்று பார்த்துப் பிரித்த கண் அது. நத்தையின் நீண்ட கொம்பின் நுனியில் கண் இருப்பதை இன்றைய உயிரியல் சொல்கிறது. அதனால் அந்தக் கணக்கு ஓரிரு இடத்தில் மாறலாம். ஆனால் கணக்கிட்ட முறை கூர்மையானது. தமிழகத்தின் சில பகுதிகளில் நத்தைக்கு ஊமச்சி என்று பெயர். அதே நந்து இனத்துக் கடல் உறவான சங்கு, உயிர் போனபின் ஊதினால் ஊருக்கே கேட்கிறது. ஊமைக்குள் இவ்வளவு ஓசையை வைத்தது யார் என்று வியக்காமல் இருக்க முடியவில்லை.

கடலே இல்லாத கொங்கு நாட்டுக்குச் சங்கு எப்போது வந்தது என்று கேட்டால், நொய்யலாற்றங்கரைக் கொடுமணலைக் காட்டலாம். 1985 தொடங்கி அங்கே நடந்த அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகளோடும் மணிக்கற்களோடும் சங்கு வளையல்களும் கிடைத்தன. பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வரும் ஊர் இது. சங்கை அறுத்துச் செய்த வளையலுக்கு வளை என்று பெயர். சங்குக்கே வளை என்றும் பெயர். வளைந்த புரி உடையதால் வளை. இப்போது நண்டின் பக்கம் திரும்புங்கள். "நண்டு கொழுத்தால் வளையில் இராது" என்கிறது பழமொழி. நண்டு குடையும் பொந்துக்கும் வளை என்றே பெயர். நந்து தன் முதுகில் வளையைச் சுமக்கிறது; நண்டு வளைக்குள் போய்ப் படுக்கிறது. வேரால் பிரிந்த இரண்டையும் மூன்றாவது சொல் ஒன்று தன் வளைவுக்குள் கூட்டி வைத்துவிட்டது.

பெயர்களின் வாழ்வும் தாழ்வும் இவ்விரண்டிலும் வேறுவேறு வழியில் போயின. நந்து தன் பெயரை மகளுக்கு விட்டுக்கொடுத்து மறைந்தது. நண்டோ தன்னைச் சுற்றியிருந்த பெயர்களையெல்லாம் விழுங்கி நின்றது. பழம்பாட்டுகளில் நண்டுக்கு அலவன் என்றும் கள்வன் என்றும் பெயர்கள் மிகுதி. நெய்தல் நிலத்துச் சிறுமியர் மணலில் அலவனாட்டி விளையாடுவார்கள். ஐங்குறுநூற்று மருதத்தில் ஓரம்போகியார் நண்டை வைத்தே பத்துப் பாட்டுப் பாடியிருக்கிறார். அப்பகுதிக்குக் 'கள்வன் பத்து' என்று பெயர். வயலுக்குள் ஒளிந்து, பக்கவாட்டில் நழுவி ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயருக்கு விளக்கம் தேவைப்படாது. இன்று கள்வன் என்றால் திருடன் மட்டுமே. அலவன் அகராதிக்குள் போய்விட்டான். வானத்து நண்டுக்குக்கூடக் கர்க்கடகம் என்ற வடசொல்லின் வழிவந்த கடகம்தான் பெயர். மலையாளத்தார் நம் ஆடி மாதத்தைக் கர்க்கடகம் என்பது அந்த ஓரையால்தான். கிரேக்கர் கார்கினோஸ் என்ற நண்டின் பெயரை ஒரு நோய்க்கு இட்டார்கள். இலத்தீனும் நண்டின் பெயராலேயே அழைக்க, உலகம் அதைப் பின்தொடர்ந்தது. தமிழ் அந்த நோய்க்கு நண்டைத் தேடிப் போகவில்லை. புற்று என்று பெயரிட்டது. ஈரறிவு நந்துக்கும் நான்கறிவு நண்டுக்கும் நடுவில் தொல்காப்பியம் வைத்த அந்த மூவறிவுச் சிதலின் வீடுதான் புற்று என்பது எனக்குத் தற்செயலாய்க் கிடைத்த மகிழ்ச்சி.

வழக்கில் இன்று நண்டு சுறுசுறுப்பாய் இருக்கிறது. வீட்டில் சிறுபிள்ளைகள் கூட்டமாய் ஓடினால் நண்டு சிண்டுகள் என்கிறோம். குழந்தையின் உள்ளங்கையில் தொடங்கி அக்குள் வரை விரலை நண்டாய் ஊரவிட்டுச் சிரிக்க வைக்கிறோம். சளி பிடித்தால் வயல் நண்டை இடித்துச் சாறு வைக்கிறோம். என்னுடைய அமுச்சி, வரப்பு வளைக்குள் கைவிட்டு நண்டு பிடிக்கும்போது அதன் முதுகோட்டை இரு விரலால் பின்பக்கமாய் அழுத்துவாள். கொடுக்கு எவ்வளவு வளைந்தாலும் அந்த இடத்துக்கு எட்டாது. நத்தைக்கு இவ்வளவு வாய்க்கவில்லை. மெதுவாய் நடக்கும் எதையும் நத்தை வேகம் என்று சலித்துக்கொள்கிறோம். நத்தை வயிற்றிலும் முத்துப் பிறக்கும் என்று எப்போதாவது பெருமை செய்கிறோம். மூலத்துக்கு நல்லது என்று நத்தைக் கறி சமைக்கும் வீடுகள் உண்டு. நத்தைச்சூரி என்று ஒரு மூலிகை அதன் பெயரைத் தாங்கி நிற்கிறது. துடியலூர்ப் பக்கத்துத் தோட்டங்களெல்லாம் மனைகளாகிவிட்ட பிறகு வயல் நண்டும் அரிதாகிவிட்டது, அதைப் பிடிக்கும் விரலும் அரிதாகிவிட்டது. தட்டில் கிடப்பவை கடல் நண்டுகள்.

ஆகவே தீர்ப்பு இதுதான்: நந்தும் நண்டும் உறவினர் அல்லர், அண்டை வீட்டார். ஒலி ஒத்திருப்பது உறவுக்குச் சான்றாகாது. பழைய வடிவமும் பக்கத்து மொழியும் கையெழுத்துப் போட்டால்தான் உறவு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போகும்போது கிழமையின் பெயரை எழுத்தில் உள்ளபடி ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நாவின் நடு மேலண்ணத்தில் ஒட்டிப் பிரியும். அந்த ஞகரம் ஒருகாலத்தில் நண்டின் தலையிலும் இருந்தது.